முப்பது ஆண்டுகள் தாமதமான ஒரு திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் மிகவும் கசப்பானது எதுவென்று என்னைக் கேட்டால், ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு உள்பக்க மூலையில் வெளியிடும் நான்கு வரிகள்தான் என்பேன். முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் செய்த தவறுக்கு ஏழாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் வருத்தம் தெரிவிப்பது எமது தொழிலின் பழைய வழக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பத்திரிகை வாழ்க்கையில் அப்படிப் பல திருத்தங்களை எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டது ஒன்றும் உண்டு. அதை எழுத வேண்டும் என்ற உறுத்தலை எனக்குள் ஏற்படுத்தியது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணினி.

2021 ஆம் ஆண்டு டிசம்பரில், தொற்றுநோய்க் காலத்தின் நீண்ட பிரிவுக்குப் பின்னர், என் மகன் ரொறன்ரோவிலிருந்து குடும்பத்துடன் தெகிவளைக்கு வந்திருந்தான். பெட்டியைத் திறந்தபோது சொக்லேற் பொதிகளுக்கிடையே ஒரு பச்சை நிறப் பலகையும், இரண்டு விளையாட்டுப் பிடிகளும் இருந்தன. பலகை ஏறத்தாழ ஒரு வங்கி அட்டையின் அளவு.

“அப்பப்பா, இதுதான் கொம்பியூட்டர்” என்றான் பன்னிரண்டு வயதுப் பேரன்.

“மிச்சம் எங்கேயடா?” என்று கேட்டேன்.

“மிச்சமெல்லாம் உங்கட ரீவிதான்” என்றான்.

அதன் பெயர் ராஸ்பெரி பை. 2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி, 35 டொலர் விலையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த கணினி வரிசை அது. மகன் கொண்டுவந்தது 2016 இல் வெளியான மூன்றாம் தலைமுறைப் பலகை. அவனுடைய மேசை இலாச்சியில் பயனின்றிக் கிடந்ததாம். விடுமுறையில் அப்பப்பாவும் பேரனும் சேர்ந்து அதை ஒரு பழைய காலத்து விளையாட்டுப் பெட்டியாக மாற்ற வேண்டும் என்பது அவனுடைய ஏற்பாடு. எனக்கு அதில் நாட்டம் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பத்திரிகைக்காரனின் பழக்கம், எதையும் தொடுமுன் அதன் பூர்வீகத்தை விசாரிப்பது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கணினி விஞ்ஞானம் பயில விண்ணப்பிப்போரின் தொகையும் தேர்ச்சியும் குறைந்து வருவதைக் கண்டு கவலைப்பட்ட எபென் அப்டன் என்பவரும் அவருடைய சகாக்களும், சிறுவர்கள் அஞ்சாமல் கழற்றிப் பூட்டிப் பழகக்கூடிய மலிவான கணினி ஒன்று வேண்டும் என்று எண்ணியதன் விளைவே இந்தப் பலகை. அவர்கள் மனதில் இருந்த முன்மாதிரி, 1981 இல் அதே கேம்பிரிட்ஜில் ஏகோர்ன் நிறுவனம் தயாரித்த ‘பிபிசி மைக்ரோ’. அந்தப் பழைய இயந்திரத்தில் விளையாடியே ஒரு தலைமுறைப் பிரித்தானியச் சிறுவர்கள் நிரல் எழுதக் கற்றார்கள்.

இதில் இன்னுமொரு தொடர்பும் உண்டு. ராஸ்பெரி பை அறக்கட்டளையின் தொடக்க கால அறங்காவலர்களுள் ஒருவரான டேவிட் பிரேபன், 1984 இல் இயன் பெல் என்பவருடன் சேர்ந்து பிபிசி மைக்ரோவுக்காக ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டை எழுதியவர். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட இயந்திரத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களை, மண்டலம் ஒன்றுக்கு 256 கோள்கள் வீதம், அடக்கிக் காட்டியது அந்த விளையாட்டு. கோள்களின் விபரங்களைச் சேமித்து வைக்காமல், ஒரு கணிதச் சூத்திரத்தைக் கொண்டு வேண்டியபோது உண்டாக்கிக் கொள்வதே அவர்கள் கையாண்ட உபாயம். இந்தப் பச்சைப் பலகையின் மூளையாக விளங்கும் ஆர்ம் வகைச் செயலியும் அதே ஏகோர்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபேர்பர் ஆகிய இருவர் வடிவமைத்து 1985 இல் முதன்முதலாக இயங்கிய செயலியின் வழித்தோன்றல். ஆகவே பழைய விளையாட்டுகளை ராஸ்பெரி பையில் ஓடவிடுவது, பேரப்பிள்ளையைப் பாட்டன் வீட்டுக்கு அழைத்துச் செல்வது போன்றதுதான்.

வேலையைத் தொடங்கினோம். நகத்தளவான நினைவக அட்டை ஒன்றை என் பழைய மடிக்கணினியில் செருகி, பலகையைத் தயாரிப்பவர்களே இலவசமாகத் தரும் ஒரு சிறு மென்பொருளின் உதவியுடன் ‘ரெட்ரோபை’ என்ற இயங்குதளத்தை அதில் பதித்தான் பேரன். பின்னர் அந்த அட்டை பலகையின் அடிப்பக்கத்துக்குச் சென்றது. தொலைக்காட்சிக்கு ஒரு கம்பி, விளையாட்டுப் பிடிகளுக்கு இரண்டு கம்பிகள். மின்னூட்டத்துக்கு என் கைப்பேசியின் சார்ஜரை எடுத்துக் கொடுத்தேன்.

நான் செய்த முதற்பிழை அதுதான். திரையின் வலது மேல் மூலையில் மஞ்சள் நிற மின்னல் அடையாளம் ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது. என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை. மகன் வந்து பார்த்துச் சிரித்தான். இந்தப் பலகைக்கு 2.5 அம்பியர் வரை தரக்கூடிய மின்வழங்கி தேவை. என் சார்ஜர் தந்தது ஒரு அம்பியர். போதிய மின்னழுத்தம் கிடைக்கவில்லை என்று அது முறையிடுவதன் அடையாளமே அந்த மின்னல். பம்பலப்பிட்டியில் கணினிப் பொருட்கள் விற்கும் மாடியொன்றில் ஏறி இறங்கி, உரிய வழங்கியை வாங்கி வந்தோம்.

மறுபடி இயக்கியதும், விளையாட்டுப் பிடியின் ஒவ்வொரு பொத்தானையும் வரிசையாக அழுத்திக் காட்டும்படி திரை கேட்டது. மேல், கீழ், இடம், வலம் என்று பேரன் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து வைத்தான். அதன்பின் பட்டியல் தோன்றியது. பட்டியலில் விளையாட்டு ஒன்றுமே இல்லை. அமைப்புகளை மாற்றுவதற்கான பக்கம் மட்டுமே இருந்தது. பேரனின் முகம் வாடிவிட்டது.

இதை வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ரெட்ரோபை போன்ற தளங்கள் பழைய இயந்திரங்களைப் பாவனை செய்யும் நிரல்களை மட்டுமே தருகின்றன. விளையாட்டுகள் அவற்றை ஆக்கியவர்களின் பதிப்புரிமைச் சொத்து. இணையத்தில் அவை அள்ளிக் கொட்டிக் கிடக்கின்றன என்பதற்காக எடுத்துக்கொள்ள உரிமை கிடைத்துவிடாது. என் கட்டுரைகளை என் அனுமதியின்றி எடுத்துத் தம் பெயரில் வெளியிட்டவர்களோடு ஆண்டுக்கணக்கில் சண்டை பிடித்தவன் நான். இதில் மட்டும் வேறு நியாயம் பேச முடியாது. உரிமையாளர்களே இலவசப் பாவனைக்கு விட்டுக்கொடுத்த பழைய விளையாட்டுகள் சில உண்டு. 1983 இல் உருவாகிக் கடைக்கு வராமலே போன ‘கிரிட்லி’ அவற்றில் ஒன்று. இக்காலத்தவர்கள் பழைய இயந்திரங்களுக்கென்றே புதிதாக எழுதி விற்கும் விளையாட்டுகளும் உண்டு. 2019 இல் வெளிவந்த ‘மைக்ரோ மேஜஸ்’ அத்தகையது. அந்த இரண்டையும் மகன் ஏற்றித் தந்தான். மூன்றாவதாக, ரொறன்ரோவில் பழம்பொருட் கடையொன்றில் தான் வாங்கி வைத்திருந்த நிண்டெண்டோ காட்ரிஜ் ஒன்றின் உள்ளடக்கத்தை ஒரு சிறு கருவியின் மூலம் தானே படியெடுத்துக் கொண்டுவந்திருந்தான். அது என்ன விளையாட்டு என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாவனை செய்யும் நிரல் என்றேன். நாட்டுக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கமத்தொழில் செய்யும் ஒருவர் மாலையில் முடி தரித்து அரியணை ஏறுகிறார். அவர் அரசனல்லர் என்பது சபைக்குத் தெரியும். ஆனால் கூத்தின் மந்திரியும் சேவகனும் அவரை அரசனாகவே கொண்டு பேசுகிறார்கள். அதுபோலவே புதிய செயலி பழைய செயலியின் வேடத்தைப் புனைந்து கொள்கிறது. பழைய விளையாட்டு, தான் 1983 ஆம் ஆண்டின் இயந்திரத்துக்குள் இருப்பதாகவே நம்பிக் கட்டளை இடுகிறது. வேடதாரி ஒவ்வொரு கட்டளையையும் தன் மொழியில் பெயர்த்துச் செய்து முடிக்கிறார்.

வேடதாரிக்கு இது சிரமமான காரியமன்று. 1983 இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபாமிகொம் இயந்திரத்தின் செயலி நொடிக்கு ஏறத்தாழ 18 இலட்சம் துடிப்புகளில் இயங்கியது. ராஸ்பெரி பை மூன்றில் நான்கு கருக்கள் உள்ளன. ஒவ்வொன்றின் வேகமும் நொடிக்கு 120 கோடி. பழைய இயந்திரத்தின் செயல் நினைவகம் 2 கிலோபைட். இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோட் முறையில் தமிழைச் சேமித்தால் நான் மேலே எழுதிய சில பந்திகளே அதை நிரப்பிவிடும். 1985 இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதுமே 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக வானத்து மேகத்துக்கும் தரையில் உள்ள பற்றைக்கும் ஒரே உருவத்தைப் பயன்படுத்தி, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். 400 சொற்களுக்குள் ஆசிரியத் தலையங்கம் எழுதிப் பழகிய எனக்கு அவர்கள் மீது ஒரு தொழில் மரியாதை பிறந்தது அப்போதுதான்.

2016 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனமே 30 பழைய விளையாட்டுகளை உள்ளடக்கிய ஒரு சிறு பெட்டியை விற்பனைக்கு விட்டது. ஆர்வலர்கள் அதைத் திறந்து பார்த்தபோது, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஆர்ம் வகைச் சிறு கணினி ஒன்றே உள்ளே இருந்தது. ஆர்வலர்கள் வீட்டு மேசையில் செய்துகொண்டிருந்ததையே அந்த நிறுவனமும் தன் தொழிற்சாலையில் செய்திருந்தது.

இனி, மகன் கொண்டுவந்த மூன்றாவது விளையாட்டுக்கு வருகிறேன்.

பேரன் பொத்தானை அழுத்தினான். கறுப்புப் பின்னணியில் நீல நிறக் கோட்டை வழிகள் தோன்றின. வழியெங்கும் புள்ளிகள். வாய் திறந்து மூடும் ஒரு மஞ்சள் வட்டம். நான்கு நிறங்களில் நான்கு பேய்கள். பக்-மான். எனக்கு அந்தத் திரையை நன்றாகத் தெரியும். 1991 ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த ஒரு சிறு கடையின் வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் கொழும்புக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. எனக்கு இரவுப் பணி. மனைவி ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்தாள். மகனுக்கு வயது பதின்மூன்று. பாடசாலை விட்டபின் அவன் எங்கே போகிறான் என்று ஒருநாள் பின்தொடர்ந்தேன். அந்தக் கடையில் மூன்று இயந்திரங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பையன்கள். என் மகன் பக்-மான் இயந்திரத்தின் முன் நின்றான். அவனைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கடைக்கார இளைஞர், “அண்ணை, ஒரு நிமிஷம், நான் சொல்லுறதைக் கேளுங்கோ” என்று பின்னால் வந்தார். நான் கேட்கவில்லை.

வழி நெடுகிலும் மகன் எதையோ விளக்க முயன்றான். “அப்பா, சிவப்புப் பேய் நேரே கலைக்கும். றோஸ் கலர்ப் பேய் நாங்கள் போற இடத்துக்கு முன்னாலே வந்து மறிக்கும். செம்மஞ்சள் பேய் கிட்ட வந்திட்டுப் பயந்து ஓடும். அதைப் படிச்சால்தான் வெல்லலாம்” என்றான். “வாயை மூடு” என்றேன்.

அந்த வாரப் பத்தியில் விளையாட்டு இயந்திரக் கடைகளைப் பற்றி எழுதினேன். மூளைக்கு வேலையில்லாத மூடத்தனம் என்றும், சிறுவர்களின் காசைப் பறிக்கும் சூதாட்டம் என்றும், இத்தகைய கடைகள் தீய சகவாசத்தின் விளைநிலம் என்றும் எழுதியதாக நினைவு. கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் ஒழுங்கையின் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். பெற்றோரிடமிருந்து பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அதிகாரிகள் அந்த ஒழுங்கைக்குச் சென்றதாகச் சக நிருபர் ஒருவர் சொன்னார். அடுத்த மாதம் நான் அவ்வழியால் போனபோது கடை பூட்டிக் கிடந்தது. பத்தி எழுத்தாளனின் வெற்றி என்று அன்று நான் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து என் வீட்டு விறாந்தையில் மகன் அதே விளக்கத்தைத் தன் மகனுக்குச் சொல்லிக் கொண்டிருந்தான். இம்முறை நான் கேட்டேன். 1980 இல் நம்கோ நிறுவனத்துக்காக இந்த விளையாட்டை உருவாக்கிய டோரு இவாதானி நான்கு பேய்களுக்கும் நான்கு குணங்களைக் கொடுத்தார். சிவப்புப் பேய் நம்மைக் குறிவைத்து வருகிறது. இளஞ்சிவப்புப் பேய் நாம் நோக்கும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கிறது. நீலப் பேய் எங்கே போகும் என்பது, நாம் இருக்கும் இடத்தையும் சிவப்புப் பேய் இருக்கும் இடத்தையும் சேர்த்தே தீர்மானிக்கப்படுகிறது. செம்மஞ்சள் பேய் தொலைவில் இருக்கும்போது துரத்தும். எட்டுக் கட்டங்களுக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். எந்த நூலின் உதவியுமின்றி, வெறும் அவதானிப்பால், பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இவற்றில் மூன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். அவனுடைய தகப்பன் அதை மூடத்தனம் என்று அச்சில் எழுதியிருக்கிறான்.

பேரன் உறங்கிய பின்னர் மகனிடம் அந்தப் பத்தியைப் பற்றிப் பேசினேன். அவன் அதை அப்போதே வாசித்திருந்தான்.

“அந்தக் கடைக்கார அண்ணை என்னட்டைக் காசு வாங்குறதில்லை அப்பா” என்றான். “அம்மா வேலையால வர ஆறு மணி ஆகும். அது மட்டும் உள்ளுக்க இருந்து படி, வீட்டுப்பாடம் முடிச்சால் ஒரு ஆட்டம் என்று சொல்லுவார். ஒருநாள் ஒழுங்கையில சுற்றிவளைப்பு. லொட்ஜில இருந்த பெரிய பெடியள் நாலு பேரும் எங்களோட நிண்டவை. கதவைப் பாதி இறக்கிவிட்டு எல்லாரையும் உள்ளுக்கு வைச்சிருந்தார். நீங்கள் வந்த அண்டைக்கு அவர் சொல்ல வந்தது அதைத்தான் என்று நினைக்கிறன்.”

“ஏன் நீ எனக்குச் சொல்லவில்லை?”

“சொல்ல விட்டீங்களே?”

மறுதரப்பையும் விசாரித்து எழுது என்று எத்தனையோ இளம் நிருபர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை இனி யாருக்கும் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று அன்றிரவு யோசித்துக் கிடந்தேன்.

ஜனவரியில் அவர்கள் திரும்பிச் சென்றார்கள். பெட்டி என்னிடம் தங்கிவிட்டது. மாலையில் அரை மணி நேரம் விளையாடுவது வழக்கமாகிவிட்டது. பின்னர் 2022 இன் மின்வெட்டுக் காலம் வந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. ஒருநாள் விளையாட்டின் நடுவே மின்சாரம் நின்றது. மறுபடி வந்தபோது பெட்டி விழிக்கவில்லை. நினைவக அட்டையில் எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அட்டையில் உள்ள கோப்புகள் சிதைந்துவிடும் என்பதையும், இத்தகைய பெட்டியை முறைப்படி அணைத்த பின்னரே மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பதையும், அட்டைக்கு எப்போதும் ஒரு படி எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் அவ்வாறுதான் கற்றேன்.

பேரன் கைப்பேசி வழியாக ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்தான். மின்சாரம் இருந்த வேளைகளில் எழுபத்து நான்கு வயதுக் கிழவன் ஒருவன் தனியாக அட்டையை அழித்து, மறுபடி பதித்து, பொத்தான்களை மறுபடி அறிமுகம் செய்து, மூன்றாம் நாள் பெட்டியை உயிர்ப்பித்தான். அந்தப் பக்-மான் திரை மீண்டும் தோன்றியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லித் தெரிவிக்க முடியாது.

அதன் பின்னர்தான் என் பழைய பத்தியைத் தேடினேன். என்னிடம் இருந்த நறுக்குகள் பல வீடுகள் மாறியதில் தொலைந்துவிட்டன. பத்திரிகை அலுவலகத்தின் அந்த ஆண்டுக் கோவையைக் கறையான் அரித்திருந்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட தலைமுறையினர் நாங்கள். அச்சிட்டதெல்லாம் நிலைக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு எப்போதோ போய்விட்டது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் தொண்டர்கள் பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காப்பாற்றி வருவதன் அருமை அதனால்தான் எமக்கு விளங்குகிறது.

விளையாட்டுகளுக்கும் அதே கதிதான். 2010 ஆம் ஆண்டுக்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்ற்றரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023 யூலையில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 1997 இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய ‘மேம்’ என்ற பாவனை நிரல் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் ஆயிரக்கணக்கான பழைய இயந்திரங்களின் உள்ளமைப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். யாரோ சிலர் அற்பமென்று கருதாமல் காத்ததால் ஒரு விளையாட்டு என் விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. நிலைக்கத் தக்கது என்று நான் நம்பி எழுதிய பத்தியோ கறையானுக்கு இரையாயிற்று.

கடைக்கார இளைஞரையும் தேடினேன். அந்த ஒழுங்கையில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவரை அறிந்தவர்கள் எவரும் அங்கில்லை. இப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். உலகின் எந்த நகரத்தில் இருக்கிறாரோ தெரியாது. அவர் கண்ணில் படட்டும் என்ற நம்பிக்கையில், எங்கள் தொழிலின் முறைப்படி கீழ்வரும் நான்கு வரிகளை எழுதுகிறேன்.

திருத்தம்: 1991 ஆம் ஆண்டு வெளியான என் பத்தியொன்றில், வெள்ளவத்தையில் இருந்த ஒரு விளையாட்டு இயந்திரக் கடை தீய சகவாசத்தின் விளைநிலம் எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது தவறு. அக்கடை உரிமையாளரிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. அவர் என் மகனையும் மற்றப் பிள்ளைகளையும் பாதுகாத்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். தவறுக்கு வருந்துகிறேன்.